தாருக்கு அடியில் தார்

ரோடு போடுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சோதித்து வந்த முடிவைப் படித்துவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று விதி இருக்கிறதா என்பது, இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும், எனக்குத் தெரியாது.

நான் வேலை பார்க்கும் சோதனைக் கூடம் தென்னூரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. மாவட்டம் முழுக்க எங்கெங்கோ தோண்டிய மண் சாக்கு மூட்டைகளில் எங்கள் மாடிப்படி ஏறி வரும். அதைக் காயவைப்போம், சலிப்போம், தண்ணீர் விட்டுப் பிசைந்து முறுக்கு மாதிரி உருட்டி எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்போம். அச்சில் போட்டு இடித்து இறுக்கி, நாலு நாள் தண்ணீரில் ஊற வைப்போம். பிறகு ஓர் இரும்புத் தண்டை அதன் தலையில் வைத்து அழுத்தி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். என் மாமியார் ஒரு தடவை காட்டூரிலிருந்து பாத்திரம் வாங்க வந்தவர், மாடியேறி வந்து இதையெல்லாம் பார்த்தார். "வீட்டுல உளுந்து ஊறப்போடச் சொன்னா மறந்துடுது. இங்க மண்ணை நாலு நாள் ஊறப்போட மறக்கலையே" என்று என்னோடு வேலை செய்பவர்கள் அத்தனை பேர் எதிரிலும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவைத் தோண்டும் வேலை வந்தது. கோயில் வீதிகளைத் தாண்டிக் கொள்ளிடத்துப் பக்கமாகப் போகும் சின்னத் தெரு. பெயர் வேண்டாம், அந்தத் தெருக்காரர்கள் வழக்குப் போடுவதில் சளைக்காதவர்கள். அங்கே புது ரோடு போடப் போகிறார்கள், அதற்கு முன் ஒரு குழி வெட்டி, அடியில் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன என்று அளந்து, மண்ணை எடுத்துவர வேண்டும்.

"சிம்பிள் வேலை" என்றார் எங்கள் முதலாளி. அவர் எந்த வேலையை சிம்பிள் என்று சொன்னாலும் நான் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போய்விடுவேன்.

எங்கள் வண்டியை ஓட்டுகிறவர் துறையூர்க்காரர். ஓட்டுவதோடு கருவிகளைத் தூக்குவது, கூலியாட்களோடு சேர்ந்து கடப்பாரை போடுவது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். பதில் சொல்வது அவருக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் உண்மைக்கு அவர் பெரிய இடம் கொடுப்பதில்லை.

காலையில் தார் உடைக்கும் மிஷினை ஓட்ட ஆரம்பித்ததுமே தெரு முழுக்க வாசலுக்கு வந்தது.

"டிரைனேஜா?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்லீங்க. மண்ணு டெஸ்ட்" என்றேன்.

"டெஸ்ட் பண்ணி?"

"ரோடு போடுவாங்க."

"அப்ப ரோடு போடத்தான் தோண்டுறீங்களா?"

"இல்லீங்க, ரோடு போடறதுக்கு முன்னாடி அடியில எப்படி இருக்குன்னு பார்க்கத் தோண்டறோம்."

"ரோடுதான் ஏற்கெனவே இருக்கே!"

நான் விழித்ததைப் பார்த்து டிரைவர் அண்ணன் என் உதவிக்கு வந்தார். அதே ஆளிடம் பூமிக்கடியில் ரயில் விடப்போகிறார்கள் என்றும், அடுத்து வந்தவரிடம் கேஸ் குழாய் என்றும், மூன்றாமவரிடம் "அத வெளிய சொல்லக்கூடாதுங்க" என்றும் சொல்லிவைத்தார். மூன்றாவது பதில்தான் மற்ற இரண்டையும்விட வேகமாகப் பரவியது. பத்து மணிக்குள் தெருமுனைக் கடையில், பூமிக்கடியில் கோயிலுக்குப் போகும் சுரங்கத்தை நாங்கள் தேடுவதாகப் பேச்சு.

நான் செய்கிற வேலையும் பார்க்கிறவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கிற மாதிரி இருக்காது. ரோட்டின் ஜல்லி அடுக்கு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. ஒரு சின்ன வட்டக் குழி எடுத்து, அதிலிருந்து வந்ததையெல்லாம் ஒரு கல் விடாமல் பொறுக்கி எடைபோடுவோம். அப்புறம் சலித்த மணலை அந்தக் குழியில் நிரப்பி, எவ்வளவு மணல் பிடித்தது என்பதிலிருந்து குழியின் அளவைக் கணக்கிடுவோம். எங்கள் கண்ணுக்கு இது அறிவியல். தெருவின் கண்ணுக்கு, ஒரு பொம்பளை நடு ரோட்டில் மண்டிபோட்டு ஜல்லியைப் பையில் போட்டுக்கொண்டு பதிலுக்கு மணலைக் கொட்டுகிறாள்.

"பாத்தீங்களா, நல்ல ஜல்லிய எடுத்துக்கிட்டு வெறும் மணலப் போட்டு மூடுறாங்க" என்றார் பால்காரர். "இப்படித்தான் எல்லா ரோடும் போவுது."

அடுத்ததாக ஈரம் பார்க்க, கொஞ்சம் மண்ணோடு கார்பைடு பொடியை ஒரு பாத்திரத்தில் அடைத்துக் குலுக்கினேன். திறந்தபோது கிளம்பிய வாடை, சீசனுக்கு முன்னால் மாம்பழம் வாங்கிய எவருக்கும் தெரிந்த வாடை.

"அட, கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறாங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல். "அதான் ரோடு ஒரு மாசத்துல அழுகிப்போவுது!"

நானும் சிரித்துவிட்டேன். அந்த ஆளின் கருத்தில் பொறியியல் தவறு பெரிதாக ஒன்றும் இல்லை.

குழிக்கு நேர் எதிர் வீட்டில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தெருவே அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிட்டது. மாமா மிஷின் ஓய்ந்த நேரம் பார்த்து வெளியே வந்தார்.

"ஏம்மா, நீங்க தட்டற தட்டுல எங்காத்துச் சுவர் விரிசல் விட்டுடுத்து. வந்து பாருங்கோ."

போனேன். அந்த வீட்டுக்குள் ஏறிப் போக வேண்டியதில்லை. ரோட்டிலிருந்து இறங்கிப் போக வேண்டும். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. விரிசலின் உட்புறத்தில் பச்சைப் பெயிண்டும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டும் தெரிந்தன. உள்ளே ஒரு பல்லி குடும்பத்தோடு இருந்தது.

"மாமா, இது பழைய விரிசல் மாதிரி இருக்குங்களே. உள்ளயே ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

"பழசுதான். இப்போ பெரிசாயிடுத்துன்னுதான் சொல்றேன்."

"நம்ம பிள்ளை ஸ்கூல் போறச்சேலேருந்து அது அப்படியேதான் இருக்கு" என்று மாமியின் குரல் அடுக்களையிலிருந்து வந்தது. "அந்தப் பொண்ணை வேலை பாக்க விடுங்கோ."

மாமாவுக்குத் தோல்வி ஒன்றும் புதிதல்ல போலிருக்கிறது. என்னோடேயே வெளியே வந்து குழியோரம் நின்றுகொண்டார். அதற்குள் கூலியாட்கள் குழியை இடுப்பளவு ஆழத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் உள்ளே இறங்கி, பக்கச் சுவரைத் துடைப்பத்தால் பெருக்கிச் சுத்தம் செய்தேன்.

எத்தனையோ ரோடுகளின் உள்ளே பார்த்திருக்கிறேன். இந்தத் தெரு மாதிரி பார்த்ததில்லை. தாருக்கு அடியில் தார். அதற்கு அடியிலும் தார். ரொட்டித் துண்டுகளை அடுக்கிய மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து ரோடுகள். பழையதைச் சுரண்டாமல், அதன் குப்பையைக்கூடப் பெருக்காமல் மேலே மேலே போட்டிருந்தார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு ரப்பர் செருப்பு நசுங்கிக் கிடந்தது. எல்லாம் சேர்த்து ஒன்றரை அடி கனம். அதற்குக் கீழேதான் உண்மையான ரோடு இருந்தது. கப்பிக்கல் பரப்பி ஒழுங்காக இறுக்கிய அடித்தளம், அதன் கீழ் செம்மண் சரளை, அதன் கீழ் இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு உரிய மணல் கலந்த வண்டல். அந்தப் பழைய கப்பி அடுக்கில் கடப்பாரை லேசில் இறங்கியிருக்கவில்லை. யாரோ ஒரு காலத்தில் மனசாட்சியோடு போட்ட வேலை.

மாமா குனிந்து பார்த்தார். "மேலே இருக்கே, அது போன தேர்தலுக்குப் போட்டது."

"இல்ல. அது மந்திரி வந்தப்போ போட்டது" என்றார் மாமி. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "தேர்தலுக்குப் போட்டது அதுக்கும் கீழ. அது ஒரே மழையில போயிடுத்தே, ஞாபகம் இல்லையா?"

"சரி, அதுக்கும் கீழ?"

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வருஷம். சம்பந்தி ஆத்துக்காரா வந்து எறங்கினப்போ புது ரோடுன்னு எவ்வளவு பெருமைப்பட்டேள்! அன்னிக்குத்தான் கடைசிப் படி போச்சு."

அவர்கள் வீட்டுக்கு முன்பு ஏறிப்போக இரண்டு படிகள் இருந்தனவாம். ஒவ்வொரு புது ரோடும் வந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. அதற்கடுத்த ரோடுகள் வந்து வீட்டைக் குழிக்குள் இறக்கிவிட்டன. தெருவில் எல்லா வீடுகளுக்கும் இதே கதைதான். சிலர் வாசலில் சிமென்ட்டில் குட்டித் தடுப்புச் சுவர் கட்டி, தினமும் அதைத் தாண்டிக் குதித்து உள்ளே போனார்கள்.

"இதுக்கு என்னதாம்மா பண்றது?" என்று கேட்டார் மாமா. முதல் தடவையாக அவர் குரலில் புகார் இல்லை.

"மேல இருக்கிற தாரையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, அடியில இருக்கிற பழைய அடித்தளத்து மேலேயே ஒரே ஒரு அடுக்குப் போட்டாப் போதும் மாமா. அது கல்லு மாதிரி இருக்கு. உங்க வாசலுக்கு ஒரு படியாவது திரும்ப வந்துடும்."

வாய் தவறி வந்த வார்த்தை அது. மண் பார்க்கப் போகிறவள் படி தருவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது.

வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. ஆனால் குழியை மூட முடியவில்லை. ரோட்டுக்குப் பொறுப்பான அதிகாரி நேரில் வந்து அடுக்குகளைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்று உத்தரவு. போன் போட்டேன்.

"பத்து நிமிஷத்துல வந்துடறேம்மா. நான் பாக்காம மூடிடாதீங்க."

சாப்பிட்டுவிட்டுப் போட்டபோதும் பத்து நிமிஷம்தான். நாலு மணிக்கும் பத்து நிமிஷம். பொழுது சாயும்போது போனை எடுக்கவில்லை. சுற்றிலும் தடுப்பு வைத்து, சிவப்பு நாடா கட்டி, எடுத்த மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம்.

மறுநாள் விடியற்காலையில் மழை கொட்டியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழி குளமாகியிருந்தது. சிவப்பு நாடாவைக் காணோம். தடுப்பில் ஒன்றை யாரோ தன் ஸ்கூட்டருக்கு முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவின் தண்ணீர் முழுக்க மாமா வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மழை பெய்தால் அந்தத் தெருவில் இதுதான் எப்போதும் நடப்பது. ஆனால் அன்றைக்குக் குழி ஒன்று இருந்தது, குழிக்கு ஒரு பொம்பளையும் இருந்தாள். எனவே காரணம் தேடி யாரும் சிரமப்படவில்லை. "எல்லாம் இவங்க தோண்டினதாலதான்" என்று நான் வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்டது. தண்ணீர் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறது, குழியிலிருந்து ஏறிப் போகவில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே மாமி, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில், ஒரு அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விளக்கத்தை விட்டுவிட்டு உள்ளே இறங்கினேன். டிரைவர் அண்ணனும் வந்தார். இரண்டு பேரும் அரிசியையும் பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகளையும் கட்டில் மேல் ஏற்றினோம். எங்கள் மண் அள்ளும் பாண்டுகளை எடுத்துவந்து தண்ணீரை இறைத்தோம். இறைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது? ரோடு உயரத்தில் இருந்தது. மேலே கொட்டினால் பாதி திரும்பிக் கீழே வந்தது.

மாமி பூஜை அலமாரிக்கு எதிரில் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் ஈரக் காலோடு நின்று விளக்கேற்றினார். ஒவ்வொரு மழைக்கும் அவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஐந்து அடுக்கையும் ஐந்து பேர் போட்டிருந்தார்கள்.

வெளியே கோஷம் கேட்டது. வந்து பார்த்தால், ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் தன் ஆட்களோடு வந்து நின்றார். அதே தெருவின் மேல்கோடியில் வீடு அவருக்கு. கையில் நெல் நாற்றுக் கட்டு. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்று எங்கிருந்துதான் அவ்வளவு சீக்கிரம் கிடைத்ததோ! ஆஸ்பத்திரியில் ரத்தம் சேர்த்து வைப்பதுபோல, கட்சிக்காரர்கள் எங்கேயாவது நாற்று சேர்த்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

குழியில் நட முடியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. நட்டால் நாற்று முழுகிவிடும், போட்டோவில் வராது. எனவே நாங்கள் தோண்டிக் குவித்த மண்மேட்டின் மேல் நட ஆரம்பித்தார்கள்.

"மேட்டுல நாத்து நடறத இப்பத்தான் மேடம் பாக்குறேன்" என்றார் டிரைவர் அண்ணன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வட்டச் செயலாளர் ஒரு முழுக் கட்டையும் பூங்கொத்து மாதிரி சேற்றில் சொருகியதைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை. "அண்ணே, அப்படி இல்லண்ணே. மூணு மூணாப் பிரிங்க. இப்படிக் குடுங்க" என்று போய் வாங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசை பிடித்து நட்டுக் காட்டினார். எங்களை எதிர்த்து நடந்த போராட்டத்தில் ஒழுங்காக நாற்று நட்ட ஒரே ஆள் எங்கள் வண்டி டிரைவர்தான். கட்சிக்காரர்கள் எடுத்துப் பரப்பிய வீடியோவில் அவர் முகம் அருமையாக வந்திருந்தது.

நானும் வந்திருந்தேன். தலையில் ஹெல்மெட், முகத்தில் துப்பட்டா, இடுப்பில் கை. "ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் திமிர் பிடித்த பெண் அதிகாரி" என்று தலைப்பு. என் கொழுந்தனார் காட்டூரில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் என்று தெரியாமலே, "இவங்களையெல்லாம் வேலைய விட்டுத் தூக்கணும்" என்று எழுதி அதை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் மாமியாரின் குரல் பதிவு வந்தது: "அந்தத் துப்பட்டா தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்ததுடா."

வீடியோ கிளம்பிய பிறகு அதிகாரி உண்மையாகவே பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். அவரைச் சுற்றி ஏழெட்டு செல்போன்கள் உயர்ந்தன. அவர் என்னைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி, "ஏம்மா இன்னும் மூடாம வச்சிருக்கீங்க?" என்றார்.

"நீங்க பார்க்காம மூடக்கூடாதுன்னு சொன்னீங்க சார்."

அவர் குழியைப் பார்த்தார். சேற்றுத் தண்ணீர்தான் தெரிந்தது. "சரி, பாத்துட்டேன்."

அப்போது மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேஷ்டி முழங்கால்வரை ஈரம். "சார், இந்தப் பொண்ணு நேத்திக்கே எல்லாம் அளந்துட்டா. அடியில அஞ்சு ரோடு இருக்கு. சொல்லும்மா. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு."

செல்போன்கள் என் பக்கம் திரும்பின. எங்கள் தொழிலில் முதல் பாடம், முடிவை அறிக்கையில்தான் சொல்ல வேண்டும், தெருவில் அல்ல என்பது. எனக்கு மணை மேல் நின்ற மாமியின் கால்கள் ஞாபகம் வந்தன. சொல்லிவிட்டேன். ஐந்து அடுக்குத் தார், அடியில் நல்ல அடித்தளம், மேலே இருப்பதைச் சுரண்டிவிட்டு ஒரே அடுக்குப் போட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் போகாது என்று. குரல் கொஞ்சம் நடுங்கியது. வீடியோவில் அது திமிராகத் தெரிந்தது.

அதிகாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதைத்தான் நாங்களும் திட்டம் போட்டிருக்கோம்" என்றார் செல்போன்களிடம்.

"மக்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி!" என்று வட்டச் செயலாளர் கையை உயர்த்தினார். கையில் இன்னும் இரண்டு நாற்று இருந்தது.

தென்னூருக்குத் திரும்பியதும் முதலாளி பிடித்துக்கொண்டார். "உங்களப் பேசச் சொன்னது யாரு? நாம மண்ணு பாக்கற ஆளுங்களா, மீட்டிங் பேசற ஆளுங்களா?" அரை மணி நேரம் வாங்கினேன். அடுத்த வாரம் அதே வீடியோ, எங்கள் சோதனைக் கூடத்தின் பெயரும் போன் நம்பரும் சேர்த்து, அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடியது.

மண்ணை ஊற வைத்து, அழுத்திப் பார்த்து, எல்லாச் சோதனையும் முடித்தேன். எதிர்பார்த்தபடிதான். அடித்தளம் நன்றாகத் தாங்கியது. சுரண்டிவிட்டுப் போடலாம் என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். அதிகாரி கூப்பிட்டார்.

"மண்ணு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதுங்கம்மா. ரோடு எப்படிப் போடணும்கிறத நாங்க பாத்துக்கறோம். எஸ்டிமேட்ல மேல ஒரு லேயர்தான் இருக்கு."

"அது எப்ப போட்ட எஸ்டிமேட் சார்?"

"போன வருஷம்."

"அப்ப எதுக்கு சார் இப்ப டெஸ்ட்?"

"டெஸ்ட் பண்ணணும்னு இருக்கும்மா" என்றார். கோபமே இல்லை; பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி பொறுமையாகத்தான் சொன்னார்.

நான் அந்த வரியை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. காரியத்தை நடத்தியது என் அறிக்கை அல்ல. வட்டச் செயலாளர் வெற்றி என்று அறிவித்துவிட்டார். சுரண்டாவிட்டால் அவருடைய வெற்றி என்னாவது? அவர் வீடியோவைப் பெரிய இடங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் சுரண்டும் மிஷின் அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. மண்ணறிவியல் செய்ய முடியாததை மேட்டில் நட்ட நாற்று செய்தது. இதை எங்கள் முதலாளியிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

மிஷின் மாமா வீட்டுப் பக்கத்துக் கோடியிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்தது. தெருவில் பாதி தூரம் வந்ததும், யாரோ பெரியவர் ஒருவர் வேறொரு ஊர்ப்பக்கம் வருகிறார் என்று அவசரமாக மிஷினை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். சுரண்டிய பாதிக்குப் புதுத் தார் போட்டார்கள். மேல்கோடிப் பக்கத்துப் பாதி அப்படியே நின்றது. இப்போது தெருவின் நடுவில் ஓர் அடிக்கு மேல் ஒரு மேடு. அதைத் தாரால் சரித்துவிட்டு, வேகத்தடைக்கு அடிக்கிற வெள்ளைக் கோடு அடித்துவிட்டார்கள். ஒரே தெருவில் மேட்டுத் தெரு என்றும் பள்ளத் தெரு என்றும் இரண்டு பெயர் முளைத்தன. கூரியர்காரர்கள்கூட அப்படித்தான் கேட்டு வந்தார்களாம்.

மிஷின் திரும்பி வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அதற்குள் ஒரு மழை வந்து மேட்டுத் தெருக்காரர்களின் மனதை மாற்றிவிட்டது. அவர்கள் பாதியில் விழுந்த தண்ணீர் முழுக்கச் சரிவில் இறங்கி பள்ளத் தெருவுக்கு ஓடிவிட்டது. பல வருஷங்களில் முதல் தடவையாக அவர்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. சுரண்ட வேண்டாம் என்று மேட்டுத் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. முதல் கையெழுத்து வட்டச் செயலாளருடையது.

இதெல்லாம் எனக்கு மாமா போனில் சொல்லிச் சொல்லித்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுவிடுவார். போன ஐப்பசியில், லால்குடிப் பக்கம் ஒரு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாதை மாற்றி அந்தத் தெருவுக்குப் போனோம். அன்றைக்குக் காலையில்தான் மழை விட்டிருந்தது. பள்ளத் தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. மாமா வீட்டு வாசலில் ஒரு படி மேலே வந்திருந்தது. தண்ணீர் அந்தப் படிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது.

"பாத்தியா அநியாயத்தை! அவா ஜலமெல்லாம் இங்க!" என்று மாமா ஆரம்பித்தார். "அந்தப் பாதியிலயும் நீ ஒரு குழி வெட்டிப் பாக்கணும். அங்கயும் அடியில அஞ்சு இருக்குன்னு நிரூபிச்சுடலாம்."

"ஆர்டர் வந்தாத்தான் மாமா நாங்க தோண்ட முடியும்."

அந்த நேரத்தில் வட்டச் செயலாளர் பைக்கில் சரிவில் இறங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, மிகுந்த மரியாதையோடு வணக்கம் சொன்னார். "நம்ம போராட்டம் எப்படி மேடம்? உங்களாலதான். எங்க பக்கம் சுரண்டாம மேலயே ஒரு லேயர் போடச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் வேலை ஆரம்பம்."

"இன்னும் ஒசத்தப் போறேளா?" மாமாவின் குரல் உச்சத்துக்குப் போனது.

"மக்கள் கருத்து சார். நான் என்ன பண்றது?"

மாமா அவருடைய பைக்கின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சண்டையை ஆரம்பித்தார். இரண்டு பேரின் காலும் தண்ணீருக்குள் இருந்தது. மாமி எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குடித்தேன்.

"இவர் கத்திண்டே இருக்கட்டும்" என்றார் மாமி மெதுவாக. "இந்த வருஷம் ஆத்துக்குள்ள ஒரு சொட்டு வரலை. அரிசி மூட்டையை இந்தப் பக்கம் இழுக்கலை, அந்தப் பக்கம் இழுக்கலை. எனக்கு அது போறும். இவருக்குப் போறாது. சண்டை போட ஏதாவது வேணும்."

கிளம்பும்போது டிரைவர் அண்ணன் தண்ணீரை ஒரு முறை பார்த்தார், சரிவை ஒரு முறை பார்த்தார்.

"மேட்டுத் தெரு வழியாவே போயிடலாம் மேடம். அங்கதான் காஞ்சு கிடக்கு."

வண்டி சரிவில் ஏறும்போது பின்னால் எங்கள் இரும்புச் சாமான்கள் எல்லாம் தடதடவென்று ஒரு பக்கமாக உருண்டன. மேட்டுத் தெருவில் மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். வண்டியில் எழுதியிருந்த சோதனைக் கூடத்தின் பெயரைப் பார்த்ததும் ஒருவர் அவசரமாக ரோட்டுக்கு நடுவில் வந்து கையை விரித்து நிறுத்தினார்.

"இங்க ஒண்ணும் தோண்ட வரலையே?" என்றார்.

"இல்லீங்க, சும்மா போறோம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.